காக்கா ஏன் தாத்தாவாகுது? ஸ்கூல் ஸ்பீச் தெரபிஸ்ட் பதில்கள்

போன இதழ்ல "ஸ்கூல்ல வேலை பாக்கற ஸ்பீச் தெரபிஸ்ட், கேள்வி இருந்தா அனுப்புங்க"னு ரெண்டே வரி போட்டாங்க, இவ்ளோ லெட்டர் வரும்னு நானும் எதிர்பாக்கல எடிட்டரும் எதிர்பாக்கல. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லிருக்கேன். ஒரே மாதிரி வந்தத சேத்து ஒண்ணாக்கிட்டேன், பேரெல்லாம் எடுத்துட்டேன்.

கே: டாக்டர் மேடம், என் பொண்ணு நல்லாவே பேசுவா, வாயாடி. ஆனா ஸ்கூல்ல ஸ்பீச் தெரபிஸ்ட் பாக்கற லிஸ்ட்ல அவ பேரும் இருக்கு. பேசத் தெரிஞ்ச புள்ளைக்கு எதுக்குங்க இது?
(குழம்பிப்போன அம்மா)

ப: மொதல்ல, நான் டாக்டர் இல்லங்க. எங்க வேலைக்கு தமிழ்ல ஒரு நீளமான பேரு இருக்கு, அத சொல்லி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிடும். பசங்க என்னைய "பேச்சு மிஸ்"னு கூப்பிடுவாங்க, அது போதும்.

இந்த பேர்ல தான் குழப்பமே. ஸ்பீச்னு சொன்னதும் எல்லாரும் உச்சரிப்புனு நினைச்சுக்கறாங்க. அது எங்க வேலைல ஒரு பங்கு தான். சொல்றத புரிஞ்சுக்கறது, வேணுங்கற வார்த்தை வேணுங்கற நேரத்துல வாய்க்கு வர்றது, நேத்து நடந்தத முன்ன பின்ன மாத்தாம சொல்றது, திக்கு, கட்டிப்போன குரல், அடுத்தவன் பேசி முடிக்கற வரைக்கும் காத்திருக்கறது, பேச்சே வராத புள்ளைக்கு பேச வேற வழி பண்ணி குடுக்கறது, இதெல்லாமும் எங்க கணக்குல வரும். விழுங்கறதுல சிரமம் இருக்கற புள்ளைங்களையும் நாங்க பாக்கறோம், நாக்கும் தொண்டையும் ரெண்டுக்கும் பொதுவாச்சே.

ஆஸ்பத்திரில வேலை பாக்கறப்ப ஒரு அமைதியான ரூம்ல ஒரே ஒரு புள்ளைய பாப்பேன். ஸ்கூல்ல அப்படி இல்ல, முப்பது பேர் கத்தற எடத்துல அவ என்ன பண்றானு பாக்கணும், அதனால பாதி நாள் கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பேன். மீதி நேரம் மூணு நாலு பேரா கூப்பிட்டு அரை மணி நேரம், பழைய நாற்காலி அடுக்கி வச்ச ஒரு ஸ்டோர் ரூம்ல (இது எல்லா ஸ்கூல்லயும் எழுதாத சட்டம் போல). அப்புறம் ரிப்போர்ட், ரிப்போர்ட், ரிப்போர்ட்.

உங்க பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். லிஸ்ட்ல பேர் இருந்தா குறை இருக்குனு அர்த்தம் இல்ல, சில சமயம் மொத்த வகுப்பையும் சும்மா ஒரு தடவ பாப்போம். நேரா போய் "வகுப்புல என்ன கவனிச்சீங்க?"னு கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது அவங்க கடமை.

கே: என் பையனுக்கு நாலரை வயசு. காக்காவ "தாத்தா"ங்கறான், கதவ "ததவு"ங்கறான். வீட்ல எல்லாருக்கும் சிரிப்பு, மாமனாருக்கு மட்டும் கோவம். வளர வளர சரியாயிடுமா?

ப: வயசு எழுதினதுக்கு உங்களுக்கு ஒரு கும்பிடு, பாதி பேர் எழுதறதே இல்ல.

க சொல்றப்ப நாக்கோட பின்பக்கம் மேல போய் ஒட்டணும், த சொல்றப்ப நுனி பல்லு கிட்ட வரணும். சின்ன புள்ளைங்களுக்கு நுனி தான் மொதல்ல கைக்கு வரும், அதனால பின்னாடி பிறக்க வேண்டிய சத்தத்த எல்லாம் முன்னாடி இழுத்துட்டு வந்துடுவாங்க. ரெண்டரை மூணு வயசுல இது ரொம்ப சகஜம். நாலரைலயும் அப்படியே இருந்தா நான் காத்திருக்க சொல்ல மாட்டேன், கூட்டிட்டு வாங்க.

பொதுவா ஒரு அளவுகோல் உண்டு. வீட்டுக்கு புதுசா வந்த ஒருத்தருக்கு குழந்தை பேசறது 2 வயசுல பாதியாச்சும், 3 வயசுல முக்காவாசி, 4 வயசுல கிட்டத்தட்ட எல்லாமும் புரியணும். வீட்டாளுங்க கணக்கு இதுல சேராது, நீங்க பழகிட்டீங்க.

வந்தா மொதல்ல காது டெஸ்ட். சளி பிடிச்சு பிடிச்சு நடுக்காதுல நீர் கோத்துக்கிட்டா, தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி தான் எல்லாம் கேக்கும், அதுவும் ஒரு வாரம் நல்லா கேக்கும் ஒரு வாரம் கேக்காது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது. காது சரினு தெரிஞ்சப்புறம் தான் நாக்கு.

அப்புறம் என்ன பண்ணுவோம்னா, "கட்டு", "தட்டு"னு ரெண்டு படம் வைப்பேன். கயித்த கட்ட சொல்லு கண்ணானு கேட்டா அவன் "தட்டு"ம்பான், நான் கயித்த விட்டுட்டு மேஜைய டொக்கு டொக்குனு தட்டுவேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம். நாம சொன்னது ஒண்ணு இவங்களுக்கு போய் சேந்தது ஒண்ணுனு அவன் மூஞ்சில தெரியற அந்த நொடி இருக்கே, அதுக்கப்புறம் பாதி வேலைய அவனே பாத்துக்குவான். சத்தமே வரலனா மல்லாக்க படுக்க வச்சு சொல்ல சொல்லுவோம், நாக்கு தன்னால பின்னாடி சரியும், க வர்றது சுலபமாகும். மொதல்ல வெறும் சத்தம், அப்புறம் வார்த்தை, அப்புறம் வாக்கியம், கடைசில விளையாட்டு நடுவுல தன்னால வரணும். அந்த கடைசி படி தான் ரொம்ப நாள் எடுக்கும். வீட்ல தினம் அஞ்சு நிமிஷம் போதும், ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் உக்கார வச்சு சாவடிக்காதீங்க.

மாமனார் கிட்ட சொல்லுங்க, "காக்கா சொல்லு, காக்கா சொல்லு"னு மிரட்டினா வராது. அவன் "தாத்தா பறக்குது"னு சொன்னா "ஆமாடா, காக்கா பறக்குது, பெரிய காக்கா"னு நீங்க சரியா திருப்பி சொல்லிட்டு போயிட்டே இருங்க.

கே: விசில் ஊத சொல்லுங்க, பலூன் ஊத சொல்லுங்க, நாக்க மேல கீழ ஆட்ட சொல்லுங்கனு வீடியோல பாத்தேன். தினமும் பண்றோம், பேச்சுல மாத்தமே இல்ல.

ப: இருக்காதுங்க. ஊதறதுக்கு நாக்கும் உதடும் செய்யற வேலை வேற, பேசறதுக்கு செய்யற வேலை வேற. சத்தம் கத்துக்கணும்னா அந்த சத்தத்த தான் பழகணும், ஊதினா உச்சரிப்பு திருந்தும்னு காட்டற நல்ல ஆதாரம் கிடையாது. பலூன பொறந்தநாளுக்கு வச்சுக்கோங்க.

கே: நான் ரெண்டாம் வகுப்பு டீச்சர். எங்க வகுப்புல பாதி பேருக்கு ழ வரல. எல்லாரையும் உங்க கிட்ட அனுப்பட்டுமா?

ப: அனுப்பினா என் ஸ்டோர் ரூம் தாங்காது டீச்சர். அந்த புள்ளையோட அப்பா அம்மா கிட்ட ஒரு நிமிஷம் பேசிப் பாருங்க, அவங்களும் "பளம்", "வாளை"னு சொன்னாங்கனா அது அவங்க வீட்டு பேச்சு வழக்கு, குறை கிடையாது. வீட்ல கேக்கற பேச்ச சரியா கத்துக்கிட்ட புள்ளைக்கு தெரபி எதுக்கு? ழ சொல்லி குடுக்கறது உங்க தமிழ் பாட வேலை, தாராளமா சொல்லி குடுங்க. வீட்ல எல்லாருக்கும் வர்ற சத்தம் இவனுக்கு மட்டும் வரல, இல்ல ர, ல, ள, ழ எல்லாமே ய-வா போகுதுனா அனுப்புங்க.

கே: என் பையனுக்கு ஏழு வயசு, திக்கு வாய். சொந்தக்காரங்க எல்லாம் "மூச்ச இழுத்து விடு, மெதுவா யோசிச்சு பேசு"னு சொல்லிட்டே இருக்காங்க. ஸ்கூல்ல டீச்சர் பாவம் பாத்து அவன படிக்கவே கூப்பிடறது இல்ல. பேர் சொல்லி அட்டென்டன்ஸ் எடுத்தா அழுதுட்டே வர்றான். எங்க தப்பா இது?

ப: இல்லங்க, உங்க தப்பு இல்ல. பயந்ததால வந்தது, யாரையோ பாத்து பழகிட்டான், கண்டிப்பா வளத்ததால வந்தது, இந்த மூணும் பொய். மூளை பேச்ச ஒருங்கிணைக்கற விதத்துல இருக்கற வித்தியாசம் இது, பரம்பரைக்கும் பங்கு உண்டு. பெரும்பாலும் 2 வயசுல இருந்து 5 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். குழந்தைங்கள்ல சுமார் 5 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்துல திக்குவாங்க, அதுல பெரும்பாலானவங்களுக்கு தானா போயிடும், பெரியவங்கள்ல சுமார் 1 சதவீதத்துக்கு தங்கும். பையனுங்களுக்கு தான் அதிகம் தங்குது. ஏழு வயசுல இன்னும் இருக்குனா தானா போயிடும்னு உக்காந்திருக்க வேண்டாம், ஆரம்பிங்க.

அந்த அறிவுரைங்க பத்தி. "மெதுவா பேசு"னு நல்ல எண்ணத்துல தான் சொல்றாங்க, ஆனா புள்ளை காதுல அது "நீ பேசற விதம் தப்பு"னு தான் விழும். அவன் என்ன சொன்னான்னு யாரும் கேக்கல, எப்படி சொன்னான்னு தான் பாத்தாங்க. கொஞ்ச நாள்ல வார்த்தைய மாத்தி மாத்தி போட்டு தப்பிக்க ஆரம்பிப்பான், அப்புறம் பேசறதையே குறைச்சுக்குவான். ஜோசப் ஷீஹன்னு ஒரு உளவியலாளர், அவரும் திக்கறவர் தான், இத பனிப்பாறைனு சொன்னாரு. வெளிய தெரியற திக்கு மேல நிக்கற கொஞ்சூண்டு, தண்ணிக்கடில கெடக்கற வெக்கமும் பயமும் ஒளியறதும் தான் பெருசு. நான் தெரபில அந்த அடிப்பக்கத்துக்கும் நேரம் குடுப்பேன், வெறும் சத்தம் சரி பண்ணா நிக்காது.

அட்டென்டன்ஸ் ஏன் அழ வைக்குதுனு யோசிச்சீங்களா? மத்த நேரத்துல கஷ்டமான வார்த்தைக்கு பதிலா வேற வார்த்தை போட்டு சமாளிக்கலாம், தன் பேருக்கும் "பிரசன்ட்"டுக்கும் பதிலா என்னத்த போட முடியும்? அதோட, முன்னாடி இருபது பேர் சொல்லி சொல்லி தன்னோட முறை நெருங்கி வர்றத பாத்துட்டே உக்காந்திருக்கணும். பெரியவங்களா இருந்தாலும் நெஞ்சு அடிச்சுக்கும்.

டீச்சர் பாவம் பாக்கறாங்க, நல்லவங்க தான், ஆனா கூப்பிடாம விட்டா மத்த பசங்க "அவனால முடியாது"னு முடிவு பண்ணிடுவாங்க, அவனும் தான். அதே சமயம் வலுக்கட்டாயமா எழுப்பி நிறுத்தவும் கூடாது. வழி ரொம்ப சாதாரணமானது. தனியா கூப்பிட்டு அவன் கிட்டயே கேளுங்க: "மொதல்ல படிக்கறியா, கடைசில படிக்கறியா, இன்னொருத்தன் கூட சேந்து படிக்கறியா, கைய தூக்கினா மட்டும் கூப்பிடட்டுமா?" சேந்து படிக்கறதுல ஒரு ஆச்சரியம் இருக்கு, திக்கறவங்க நிறைய பேருக்கு இன்னொருத்தரோட ஒண்ணா படிக்கறப்ப திக்கு காணாமலே போயிடும், பாடறப்பவும் அப்படித்தான். அத மருந்துனு நினைச்சுடாதீங்க, தனியா பேசினா திரும்பி வரும், ஆனா வகுப்புல வாய் திறக்க நல்ல வாசல்.

வீட்ல: வாக்கியத்த நீங்க முடிச்சு குடுக்காதீங்க. அவன் பேசற வரைக்கும் போன கீழ வச்சுட்டு மூஞ்ச பாருங்க. நீங்க உங்க பேச்ச கொஞ்சம் நிதானமாக்குங்க, அவன நிதானமாக்க சொல்லாதீங்க. கிண்டல் பண்றவங்க பத்தி அவனா சொல்லுவான்னு காத்திருக்காம, டீச்சர் கிட்ட நீங்களே போய் பேசுங்க.

கே: நான் நாலாம் வகுப்பு டீச்சர். ஒரு பையன் தெளிவா பேசுவான், சத்தம் போட்டு படிக்க சொன்னா கடகடனு படிப்பான். ஆனா சொன்னத செய்ய மாட்டான், ஒண்ணு சொன்னா இன்னொண்ணு செய்வான், கணக்குல கதையா வந்தா முட்டை. திமிரா, சோம்பேறித்தனமா?

ப: இந்த கேள்விக்காகத்தான் நான் இந்த பத்தியவே எழுத ஒத்துக்கிட்டேன்.

அவனுக்கு பேச்சு நல்லா இருக்கு, மொழி தான் சிக்கல். ரெண்டும் வேற வேற. டெவலப்மென்டல் லாங்வேஜ் டிஸார்டர்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா டிஎல்டி, அதாவது மொழிய புரிஞ்சுக்கறதும் பயன்படுத்தறதும் சின்ன வயசுலருந்தே சிரமமா இருக்கறது. கிட்டத்தட்ட 7 சதவீத குழந்தைங்களுக்கு உண்டு, அதாவது 30 பேர் வகுப்புல 2 பேர். ஆட்டிசத்த விட அதிகம், ஆனா ஆட்டிசம் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் இது தெரியாது. ஒரு காரணம், ரொம்ப வருஷமா ஆளுக்கொரு பேர்ல இத கூப்பிட்டாங்க, டோரத்தி பிஷப்போட குழு நிபுணர்கள கலந்து பேசி 2017ல தான் இந்த பேர முன்ன வச்சாங்க. இன்னொரு காரணம், இவன் சத்தமே போடாம தவிப்பான். பக்கத்துல இருக்கறவன் என்ன பண்றான்னு பாத்து அதயே பண்ணுவான்.

சின்னதா ஒரு சோதனை பண்ணி பாருங்க. "நோட்ட மூடறதுக்கு முன்னாடி தேதி எழுது"னு சொல்லுங்க. நம்ம மொழில "நோட்ட மூடு" தான் காதுல மொதல்ல விழுது, இவன் மொதல்ல மூடிடுவான், நீங்க திமிருனு நினைப்பீங்க. "மாலாவ தள்ளிவிட்ட பையன் அழுதான், யாரு அழுதது?"னு கேளுங்க, "மாலா"ம்பான். தள்ளிவிட்டா விழுந்தவ தானே அழுவானு அவன் அறிவு சொல்லுது, வாக்கியம் என்ன சொல்லுதுனு பிரிச்சு எடுக்க முடியல. கணக்குல "மாலா கிட்ட 8 பந்து, அது ரவி கிட்ட இருக்கறத விட 3 அதிகம், ரவி கிட்ட எத்தனை?"னா "அதிகம்"ங்கற ஒரே வார்த்தைய பிடிச்சுக்கிட்டு 11னு எழுதுவான். கூட்ட கழிக்க அவனுக்கு நல்லா தெரியும், "விட" தான் தெரியல. ஒரு மூணு கேள்வில முடிவு கட்டிடாதீங்க, முறையான மதிப்பீடு நாங்க பண்ணணும், ஆனா அனுப்பறதுக்கு இது போதும்.

கடகடனு படிக்கறானேனு கேட்டிருக்கீங்க. 1986ல கஃப், டன்மர்னு ரெண்டு பேர் ஒரு எளிய கணக்கு சொன்னாங்க, வாசிப்புங்கறது எழுத்த சத்தமாக்கற திறமைய மொழி புரியற திறமையால பெருக்கினா வர்ற விடை. கூட்டல் இல்ல, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யம்னா மொத்தமும் பூஜ்யம்.

நீங்க வகுப்புல செய்ய வேண்டியது கொஞ்சம் தான். ஒரு நேரத்துல ஒரு கட்டளை, செய்ய வேண்டிய வரிசையிலயே ("தேதி எழுது. அப்புறம் மூடு"). புதுப் பாடத்துல வர்ற அஞ்சாறு வார்த்தைய முந்தின நாளே எனக்கு அனுப்பிடுங்க, நான் அவனுக்கு படத்தோட, நடிச்சு காமிச்சு சொல்லிக் குடுத்துடறேன், மறுநாள் வகுப்புல அவனுக்கு தான் மொதல்ல தெரியும், அவன் மூஞ்ச பாருங்க அன்னிக்கு. "புரிஞ்சுதா?"னு கேக்காதீங்க, எல்லா புள்ளையும் தலைய ஆட்டும். "என்ன செய்யப் போற, சொல்லு"னு கேளுங்க.

அப்புறம், காத்திருங்க. மேரி பட் ரோனு ஒரு ஆராய்ச்சியாளர் 1970கள்ல வகுப்பறைங்கள டேப்ல பதிவு பண்ணி பாத்தாங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டு தான் காத்திருக்காங்க. அத 3 செகண்டாக்கினா பதில் நீளமாகுது, வழக்கமா வாயே திறக்காத பசங்க பேசறாங்க. நானும் இத படிச்சுட்டு என்னையே ரெக்கார்டு பண்ணி கேட்டேன், ஒரு செகண்டு கூட இல்ல. தெரபிஸ்ட்டு வேற!

கே: வீட்ல ஒரு மொழி, ஸ்கூல்ல ஒரு மொழி. அதனால தான் புள்ளைக்கு பேச்சு லேட்டு, வீட்டு மொழிய நிறுத்துங்கனு சொல்றாங்க.

ப: நிறுத்தாதீங்க. ரெண்டு மொழி கேக்கறதால மொழிக் குறைபாடு வராது. குறை இருந்தா ரெண்டு மொழிலயும் தெரியும், ஒண்ணுல மட்டும் தடுமாறினா அந்த மொழி இன்னும் போதுமான அளவு காதுல விழலனு அர்த்தம். வார்த்தைய எண்ணும்போது ரெண்டு மொழியையும் சேத்து எண்ணுங்க. உங்களுக்கு சரளமா வர்ற மொழில கொஞ்சறத விட்டுட்டு தட்டுத்தடுமாறி இன்னொண்ணுல பேசினா புள்ளைக்கு ரெண்டும் அரைகுறையா தான் கெடைக்கும்.

கே: என் பேத்தி வீட்ல அவ்ளோ பேசுவா, ஸ்கூல்ல ஆறு மாசமா ஒரு வார்த்தை பேசல. டீச்சர் பிடிவாதம்னு சொல்றாங்க. பேசினா பரிசு தர்றேன்னு கூட சொல்லி பாத்துட்டோம்.
(ஒரு பாட்டி)

ப: பிடிவாதம் இல்லம்மா, பயம். வாய திறக்கணும்னு அவளுக்கும் ஆசை தான், தொண்டை பூட்டிக்குது. புது ஸ்கூல்ல மொத மாசம் பேசாம இருக்கறத கணக்குல எடுக்க மாட்டோம், அதுக்கப்புறமும் ஒரு மாசத்துக்கு மேல இப்படி இருந்தா செலக்டிவ் மியூட்டிசமானு பாக்கணும், அதாவது மத்த எடத்துல பேசற புள்ளைக்கு சில எடத்துல மட்டும் பதட்டத்துல பேச்சே வராம போறது. ஆறு மாசம் ஜாஸ்தி.

பரிசு, கெஞ்சல், "எங்க ஒரு தடவ சொல்லு பாப்போம்" எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்துங்க, ஒவ்வொண்ணும் பூட்ட இறுக்கும். நாங்க செய்யறது இது தான்: ஸ்கூல் விட்டப்புறம் காலி வகுப்புல நீங்களோ அவ அம்மாவோ அவ கூட விளையாடணும். அங்க அவ பேச ஆரம்பிச்சதும் நான் வாசல் வெளிய நிப்பேன். அடுத்த நாள் வாசல்ல. அப்புறம் ரூம் மூலைல, அவள பாக்காம. அப்புறம் விளையாட்டுல நானும் ஒருத்தி. அப்புறம் டீச்சர் இதே மாதிரி. வாரக்கணக்குல ஆகும், உளவியல் ஆலோசகர் ஒருத்தரும் கூட இருந்தா நல்லது. அதுவரைக்கும் தலையாட்டினா, கை காமிச்சா டீச்சர் ஏத்துக்கணும். முக்கியமா, ஒரு நாள் பேசிட்டானா யாரும் கை தட்டிடாதீங்க! சாதாரணமா பதில் சொல்லிட்டு போங்க.

கே: பேச்சு வராத என் பையனுக்கு படத்த தொட்டா பேசற டேப்லெட் குடுத்திருக்காங்க. அதுக்கு பழகிட்டா வாய்ப் பேச்சு வராமலே போயிடுமோனு பயமா இருக்கு.

ப: எல்லா பெற்றோரும் கேக்கறது தான். ஆய்வுகள் வரைக்கும் பாத்தா, இது பேச்ச நிறுத்தறது இல்ல, சில பசங்களுக்கு பேச்சு கொஞ்சம் கூடவும் செய்யுது. எனக்கு பயமெல்லாம் வேற எடத்துல. பள்ளிக்கூடத்துல அந்த டேப்லெட் பைக்குள்ளயே தூங்கும், விளையாட்டு நேரத்துல உடைஞ்சிடும்னு பூட்டி வச்சிடுவாங்க, குறும்பு பண்ணினா பிடுங்கி வைப்பாங்க. மத்த புள்ளை குறும்பு பண்ணா வாய்ல பிளாஸ்திரி ஒட்டுவீங்களா? அது அவனோட வாய், எந்நேரமும் அவன் கூட இருக்கணும். அப்புறம், நீங்களும் அத தொட்டு தொட்டு அவன் கிட்ட பேசுங்க, யாரும் பேசிக் காட்டாத மொழிய எந்தக் குழந்தையும் கத்துக்காது. "வேணும்", "குடு" மட்டும் வச்சுட்டு விட்டுடாதீங்க, "வேண்டாம்", "போ", "போர் அடிக்குது" கண்டிப்பா இருக்கணும்.

கே: நான் பிளஸ் டூ படிக்கறேன். எனக்கு திக்கு இருக்கு. ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகணும்னு ஆசை, வீட்ல சிரிக்கறாங்க. சேத்துப்பாங்களா?

ப: சார்லஸ் வான் ரைப்பர்னு தேடி படிச்சு பாருப்பா. 1905ல பொறந்தவரு, கடுமையா திக்குவாரு, 1936ல அமெரிக்கால வெஸ்டர்ன் மிச்சிகன்ல பேச்சு சிகிச்சை மையம் ஆரம்பிச்சாரு, இந்தத் துறைய உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். தடங்கலே இல்லாம பேசணும்னு மல்லுக்கட்டறத விட, இழுபறி இல்லாம லேசா திக்கிட்டு தாண்டிப் போக கத்துக்கலாம்னு சொன்னவரு. என் கூட வேலை பாத்தவங்கள்ல திக்கறவங்க உண்டு, திக்கற பசங்க அவங்க ரூமுக்கு தான் ஓடுவாங்க, எனக்கு கொஞ்சம் பொறாமை கூட.

பட்டப்படிப்பும், மேற்பார்வைல நேரடியா நோயாளிங்கள பாத்து பயிற்சியும் வேணும். உடற்கூறு, ஒலியியல், மொழியியல், உளவியல் எல்லாம் வரும், உயிரியல் பிடிக்கலனா கஷ்டம். இன்டர்வியூல உக்காந்ததுமே "எனக்கு திக்கு இருக்கு, கொஞ்சம் நேரம் எடுத்துப்பேன்"னு நீயே சொல்லிடு, மறைக்கற வேலை மிச்சம், பதில்ல கவனம் வைக்கலாம்.

இன்னும் பதினஞ்சு லெட்டர் பாக்கி இருக்கு, அடுத்த இதழ்ல எழுதறேன். புதுசா எழுதறவங்க தயவு செஞ்சு புள்ளையோட வயசு, வீட்ல பேசற மொழி, காது டெஸ்ட் எடுத்தாச்சா இல்லயா, இந்த மூணையும் மேலயே போட்டுடுங்க.